தொண்டை வேண்டும், கால் வேண்டாம்

மார்ச் 3, செவ்வாய்

கடவுள் துணை

தம்பிக்கு,

கோபத்தில் எழுதுகிற கடிதம்தான். ஆனாலும் மேலே கடவுள் பெயரைப் போடாமல் என் பேனா நகரவில்லை. அது அவருக்கு. கீழே இருப்பதெல்லாம் உனக்கு.

இரண்டு தெரு தள்ளி இருக்கிறவனுக்கு எதற்குக் கடிதம் என்று உன் அத்தான் கேட்டார். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய். நான் பாதியில் அழுதுவிடுவேன். அதைச் சாக்காக வைத்து "சரி விடுக்கா" என்று முடித்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

இன்று மாலை வகுப்புக்கு வந்தபோது கூடத்துக் கதவில் நீ ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். ஆண்டு விழா, இருபத்திரண்டாம் தேதி, ஞாயிறு. மழைப் பாட்டு, ஆடுவோர்: குழந்தைகள். அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'மூத்த மாணவர்களுக்கு முதல் வரிசையில் நாற்காலி ஒதுக்கப்படும்.'

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தையல்கார அம்மா கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். எங்கள் எல்லோருக்கும் நீலத் துணியில் மேலாடை தைத்து முடித்து, பொத்தான் மட்டும்தான் பாக்கி. "அப்போ இத என்ன பண்றது, தலையணை உறை தைக்கலாமா?" என்றார். என் ஜோடி, நம் பொடிசு, ஏழு வயதுக்காரி, என் கையைப் பிடித்து இழுத்து, "ஜோடி, நீங்க எதுக்கு நாற்காலில உக்காரப் போறீங்க? கால் வலியா?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று நீயே எழுதி அனுப்பு.

இந்த வகுப்பில் வயதுப் பிரிவு கிடையாது என்று சொன்னது யார்? நீ. நாங்கள் சேர்ந்த முதல் நாளே எங்களை நிறுத்தி வைத்து, ஒரு பெரியவர் பக்கத்தில் ஒரு குழந்தை என்று ஜோடி சேர்த்தது யார்? நீ. இரண்டு வருடமாக அப்படித்தான் நிற்கிறோம். பாடுகிற மூச்சுக்கு நடுவே, அடுத்த அடி என்ன என்று நான் பொடிசின் காதோரம் முணுமுணுப்பேன். அவள் கால் சத்தத்துக்கு நான் காலை வைப்பேன். எனக்கு அவள், அவளுக்கு நான். இப்போது திடீரென்று நான் நாற்காலிக்கு ஆள்.

போன வாரம் ஒத்திகையில் தபால்காரர் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார், அதனால்தான் என்று சொல்லப் போகிறாய். தூணுக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிற அந்தத் தரைக்கல்லைச் சரி செய் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. கல் தடுக்கி விழுந்தவரை வயதில் விழுந்தார் என்று எழுதிவிட்டாய்.

எனக்கு அறுபத்தோரு வயது. ஆட வேண்டும் என்கிற ஆசை பொடிசின் வயதில் வந்தது. வீட்டில் பெண்பிள்ளை பாடலாம், ஆடக்கூடாது என்றார்கள். பாடினேன். கடவுள் முன்னால் பாடிப் பாடியே குரல் வந்தது, யாரும் கற்றுக்கொடுத்து வரவில்லை. ஆட்டத்தை மட்டும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவில் ஆடினேன். ஒரே ஒரு தடவை, கதவு திறந்திருக்க, நாலு பேர் பார்க்க, மேடையில் ஆட வேண்டும். இதை உலகத்தில் உன் ஒருவனிடம்தான் சொன்னேன். "இந்த வருஷம் நிச்சயமா ஆடற, அக்கா" என்றாய்.

என்னிடம் இருந்த கூடத்து அலமாரிச் சாவியைத் தபால்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் அவர்தான் கொண்டு வருவார். ஓய்வு பெற்ற பிறகு ஒரு கடிதம்கூடக் கையில் தொடவில்லையாம். கட்டுப் போட்ட கையோடு சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

அந்தத் தாள் கதவில் இருக்கிற வரை நான் அந்தக் கூடத்து வாசற்படியை மிதிக்க மாட்டேன்.

அக்கா

———

மார்ச் 5

மதிப்பிற்குரிய மாணவர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது.

சமீபத்தில் ஏற்பட்ட விபத்தைக் கருத்தில் கொண்டு, மூத்த மாணவர்களின் பாதுகாப்பை முன்னிட்டு, அவர்கள் இவ்வாண்டு மேடையேற வேண்டாம் என்று முடிவு செய்யப்பட்டுள்ளது. பாட்டு, பதிவிலிருந்து ஒலிபரப்பப்படும். இம்முடிவு அனைவருக்கும் பொதுவானது. இதில் உறவு பார்க்க இயலாது.

தாங்கள் விழாவுக்கு வந்திருந்து குழந்தைகளை ஊக்கப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நடன ஆசிரியர்

———

மார்ச் 6

கடவுள் துணை

நடன ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களா? எனக்கா? உனக்குச் செருப்பு வார் மாட்டத் தெரியாத நாளில் வாசலில் குந்தி உட்கார்ந்து மாட்டிவிட்டவள் நான். அப்போதெல்லாம் தாங்கள் எங்கே போயிருந்தது?

உன் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். "என்னம்மா எழுதியிருக்கார்?" என்றார். படித்துக் காட்டினேன். "முடிவு செய்யப்பட்டுள்ளதுன்னா யார் செஞ்சாங்க? அதுல ஆளே காணோமே" என்றார். ஊர்க் கடிதம் முழுக்கத் தூக்கித் திரிந்தவர், அவருக்குத் தெரியாதா?

அவர்தான் இன்னொன்றும் சொன்னார். பதிவிலிருந்து பாட்டு என்கிறாயே, அது யார் பாட்டு? போன மழைக்காலத்தில், வீட்டில் பழகிக்கொள்ள என்று கூடத்தில் என்னை உட்கார வைத்து உன் போனில் பதிந்தாயே, அதுதானாம். மேகம், காற்று, மழை, ஆறு, கடல் என்று ஐந்து பகுதி. நான் கட்டிய பாட்டு, நான் பாடிய பாட்டு.

அப்படியென்றால் என் தொண்டை வேண்டும், என் கால் வேண்டாம். நான் முதல் வரிசை நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஸ்பீக்கரில் நான் பாடுவதை நானே கேட்டுக் கைதட்ட வேண்டும். இதை எழுத உனக்குக் கை கூசவில்லையா?

பெரிய கலைப்பள்ளியிலிருந்து உன் வகுப்பைப் பார்க்க ஆட்கள் வருகிறார்களாமே. பிடித்திருந்தால் வகுப்பைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்வார்களாம், உனக்குப் பதவி, கூடத்துக்குப் புதுத் தரை. எல்லாம் காதுக்கு வந்துவிட்டது. அவர்கள் முன்னால் நரைத்த தலைகள் வேண்டாம் என்றால் அப்படியே எழுதியிருக்கலாம். பாதுகாப்பு என்று ஏன் பூசி மெழுகுகிறாய்?

இன்று முதல் எங்கள் வகுப்பு என் வீட்டு மொட்டை மாடியில். தையல்கார அம்மா, தபால்காரர், லாரி ஓட்டின அண்ணன், மருந்துக் கடைக்காரர் மனைவி எல்லோரும் வருகிறார்கள். மழைப் பாட்டை நாங்களே ஆடுவோம். உன் அத்தான் தொட்டிச் செடிகளை ஓரமாக நகர்த்தி வைத்துக்கொண்டிருக்கிறார், முனகிக்கொண்டே.

தங்கள் கீழ்ப்படியாத மாணவி

———

மார்ச் 9

அக்கா,

சரி. தாங்கள் வேண்டாம். நேராகவே எழுதுகிறேன், தாங்கிக்கொள்.

தபால் ஐயா விழுந்தபோது எலும்பு முறிந்த சத்தம் உனக்குக் கேட்டதா? எனக்குக் கேட்டது. நான் ஓடிப்போய் அவர் தலையைத் தூக்கினேன். குழந்தைகள் சுவரோடு ஒட்டி நின்று அழுதார்கள். நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாய். 'ஆறு' முடிந்து 'கடல்' வரைக்கும் போய்விட்டாய். லாரி அண்ணன் உன் தோளைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நீ பாட ஆரம்பித்தால் கூடத்தில் வேறு யாரும் இல்லை. நீயும் உன் கடவுளும்தான். நல்லது. ஆனால் கீழே விழுகிறவர்களை நான்தான் பொறுக்க வேண்டும். கூடத்துச் செயலாளர் மறுநாள் காலையில் என் அறைக் கதவைத் தட்டி, "அடுத்து இடுப்பு ஒடஞ்சா யாருப்பா பதில் சொல்றது? நீயா, உங்க அக்காவா?" என்று கேட்டார். என்ன சொல்லியிருப்பாய்?

ஆமாம், கலைப்பள்ளியிலிருந்து வருகிறார்கள். ஆமாம், எனக்கு அது வேண்டும். எனக்கு நாற்பத்தொன்பது வயது. இந்தக் கூடத்து மாடி அறையில் பாயும் ஸ்டவ்வுமாக இருக்கிறேன். ஊரில் இதை யாரும் என் வகுப்பு என்று சொல்வதில்லை. 'அந்த அம்மா பாடுற இடம்' என்கிறார்கள். நான் ஆட்டம் சொல்லித்தருகிறேனா, உன் பிரார்த்தனைக்குப் பின்னால் ஆள் பிடித்து நிறுத்துகிறேனா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. ஒரு தடவை, நான் கற்றுக்கொடுத்ததை மட்டும் நாலு பேர் பார்க்கட்டும் என்று நினைத்தேன். உனக்கு மட்டும்தான் அந்த ஆசை வருமா?

குழந்தைகள் அருமையாக ஆடுகிறார்கள். உங்கள் மாடியில் கைப்பிடிச் சுவர் குட்டை. ஓரத்துக்குப் போகாதீர்கள்.

தம்பி

———

மார்ச் 11

கடவுள் துணை

தம்பிக்கு,

ஆமாம், கண்ணை மூடியிருந்தேன். அதை நீ இத்தனை நாள் நெஞ்சுக்குள் ஊற வைத்திருந்தாய் பார், அதுதான் எனக்கு ஆறவில்லை. அன்றைக்கே கத்தியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

தபால்காரரிடம் கேட்டாயா? ஒரு வார்த்தை? நான் கேட்டேன். "அண்ணே, விழுந்தீங்களே, பயமா இல்லையா?" என்றேன். "சைக்கிள்லேர்ந்து விழாத தெரு இந்த ஊர்ல இல்லம்மா. நாய் துரத்தி விழுந்திருக்கேன், மழைல வழுக்கி விழுந்திருக்கேன், ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்கப் போயி சாக்கடையில விழுந்திருக்கேன். அதுக்காக எவனாவது என்னை நாற்காலில உக்கார வெச்சானா? ஆடிக்கிட்டு விழுந்தது இதான் முதல் தடவை. அது கௌரவம்" என்றார். இதை அப்படியே எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

என் பிரார்த்தனைக்குப் பின்னால் ஆள் பிடிக்கிறாயா? அந்தக் கூடத்தில் முதல் மாதம் யாரும் வராமல் நீ தனியாக உட்கார்ந்திருந்தபோது வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியது யார்? இதை நான் வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா?

மாடி வகுப்பு மிக நன்றாக நடக்கிறது. எல்லோருக்கும் பாட்டு வரிசை தலைகீழ்ப் பாடமாகத் தெரியும். மாடித் தரை கொஞ்சம் சரிவு, தண்ணீர் ஓடுவதற்காக. அதனால் ஒன்றிரண்டு இடத்தில் கால் தடுமாறுகிறது, வேறு ஒன்றுமில்லை. 'காற்று' பகுதியில் சுற்றித் திரும்பியதும் முன்னால் வருவது வலது காலா இடது காலா என்று தையல்கார அம்மா கேட்கச் சொன்னார். எனக்குத் தெரியும். அவர் உன் வாயால் கேட்க வேண்டும் என்கிறார்.

அக்கா

———

மார்ச் 13

அக்கா,

தையல்கார அம்மாவா கேட்டார்? சரி. அவரிடமே சொல், உங்களுக்கு இரண்டு கால்தான், இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள், ஒன்று சரியாக இருக்கும்.

எனக்கு உன்னிடம் கேட்க வேறொன்று இருக்கிறது. பாட்டைப் பதியும்போது தாளத்தை இழுத்துப் பிடித்துப் பாடினாயா, இல்லை முந்திக்கொண்டு ஓடினாயா? குழந்தைகள் எல்லோரும் ஒரு தட்டு பிந்துகிறார்கள். ஒருவர் இருவர் இல்லை, எல்லோரும், ஒரே மாதிரி. நீ 'மழை' என்று பாடி முடித்த பிறகு கையைத் தூக்குகிறார்கள். போனில் வேகத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். உன் குரல் ஜுரம் வந்தவர் பேசுவதைப்போல இழுபட்டதே தவிர, அவர்கள் அப்போதும் ஒரு தட்டு பிந்தித்தான் ஆடினார்கள். ஆக, குற்றம் பாட்டில்தான். நீ எங்கோ முந்தியிருக்கிறாய். எந்த இடம் என்று நினைவிருந்தால் எழுது.

விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. விளையாட நேரமில்லை.

தம்பி

———

மார்ச் 14

கடவுள் துணை

தம்பிக்கு,

என் தாளத்தில் குற்றம் இல்லை. நான் பாடிய பாட்டை இழுத்து ஜுரக் குரலாக்கி, பிள்ளைகள் காதில் போட்டுவிட்டு, என் மேலேயே பழி. அந்தப் பதிவை அழித்துவிடு. என் கால் ஏறாத மேடையில் என் குரல் ஏறக்கூடாது. அழித்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத் தபால்காரரிடம் கொடு.

இன்று காலை பொடிசு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் அம்மா காய் வாங்கப் போகும் வழியில் விட்டுவிட்டுப் போனாள். நாங்கள் மாடியில் ஆடிக்கொண்டிருந்தோம். ஆடிக்கொண்டிருந்தோம் என்று எழுதிவிட்டேன், போகட்டும். நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். லாரி அண்ணன் வலது என்கிறார், மருந்துக் கடை அம்மா இடது என்கிறார். பொடிசு ஓடி வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் வழக்கம்போல 'காற்று' என்று முணுமுணுத்தேன். அவள் சுற்றினாள். என் கால் அதுவாகச் சுற்றியது. என் பின்னால் எல்லோர் காலும் சுற்றியது. இத்தனை நாள் வராத அடி, அப்படியே வந்தது.

"ஏன்டி கண்ணு, அங்க பிந்திப் பிந்தி ஆடறீங்களாமே, ஏன்?" என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உன் பிள்ளைகள் ஏன் பிந்துகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

உனக்குச் சொல்ல மாட்டேன். நீதானே ஆசிரியர். முடிவு செய்யப்பட்டுள்ளது என்று எழுதத் தெரிந்தவனுக்கு இது தெரியாதா?

அக்கா

———

மார்ச் 17

அக்கா,

இன்று தெரிந்துகொண்டேன். நீ சொல்லி இல்லை.

பதிவை நிறுத்திவிட்டு, பாட்டே இல்லாமல் ஆடச் சொன்னேன். குழந்தைகள் நின்றார்கள். ஒருவர்கூட அசையவில்லை. அப்போதுதான் பார்த்தேன். எல்லோருடைய தலையும் லேசாக இடது பக்கம் சாய்ந்திருந்தது. பக்கத்தில் இருக்கிற வெற்றிடத்தின் பக்கம். பொடிசிடம் போய், "எதுக்கும்மா காத்திருக்க?" என்றேன். "ஜோடி சொல்லணும்ல" என்றாள்.

அவர்கள் பாட்டைக் கேட்டு ஆடவே இல்லை. இரண்டு வருடமும் உங்கள் முணுமுணுப்பைக் கேட்டு ஆடியிருக்கிறார்கள். அது பாட்டுக்கு ஒரு தட்டு முன்னால் வரும். அது இல்லாமல், பாட்டில் சொல் வந்த பிறகு யோசித்துக் கையைத் தூக்குகிறார்கள். உங்களுக்கு வரிசை தெரியும், கால் தெரியாது. அவர்களுக்குக் கால் தெரியும், வரிசை தெரியாது. நான் இரண்டு வருடம் உழைத்து முழு ஆள் ஒருவரைக்கூட உருவாக்கவில்லை. எல்லாம் பாதிப் பாதி. ஜோடி சேர்த்தது நான்தான். சிரித்துக்கொள்.

ஆனால் உனக்குச் சனிக்கிழமையே தெரியும். இன்று செவ்வாய். நடுவில் நாங்கள் தினமும் ஒத்திகை வைத்தோம், தெரியுமா? தினமும் நான் அவர்களைத் திட்டினேன். கவனமில்லை என்றேன். சோம்பேறிகள் என்றேன். மருந்துக் கடைக்காரர் மகன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனான். நீ ஒரு வரி எழுதியிருந்தால் அவன் அழுதிருக்க மாட்டான். என் மேல் இருக்கிற கோபத்தைக் குழந்தைகள் மேல் இறக்கிவிட்டாய், அக்கா. கடவுள் பெயரை மேலே போட்டுவிட்டு.

ஐந்து நாளில் புதிதாகக் கற்றுக்கொடுக்க முடியாது. ஒரு வழிதான் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் மேடையின் பக்கவாட்டில் திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். அங்கிருந்து எடுத்துக் கொடுங்கள். மைக் வைக்கிறேன், குழந்தைகளுக்கு மட்டும் கேட்கும்படி. யாருக்கும் தெரியாது.

பதிவை அழித்துவிட்டேன். கையெழுத்து கீழே.

தம்பி

———

மார்ச் 18

கடவுள் துணை

தம்பிக்கு,

உன் கடிதத்தை மாடியில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். 'யாருக்கும் தெரியாது' என்கிற இடம் வந்ததும் தையல்கார அம்மா எழுந்து போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தபால்காரர் மட்டும், "ஸ்டாம்ப்புக்குப் பின்னால பசை மாதிரி நம்மள ஒட்டி வெக்கப் பாக்கறார்" என்றார்.

முதல் நாள் நாற்காலி. இப்போது திரைக்குப் பின்னால் நாற்காலி. நீ எப்படிச் சுற்றி வந்தாலும் எங்களை உட்கார வைக்கத்தான் பார்க்கிறாய். நான் கதவுக்குப் பின்னால் ஆடியது போதும். இனி திரைக்குப் பின்னால் வர மாட்டேன்.

மருந்துக் கடைக்காரர் மகனைப் பற்றி எழுதியிருந்தாய். அவன் அம்மா நேற்று மாடிக்கு வரவில்லை. ஏன் என்று இப்போது தெரிகிறது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தது தப்பு. காலையில் அதைக் கடவுளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பையன் வீட்டுக்கும் போய்வந்தேன். உன்னிடம் கேட்க மாட்டேன். உனக்கும் எனக்கும் கணக்கு இன்னும் நேராகவில்லை.

இவ்வளவுதான் சொல்வேன். ஜோடியாக நிற்போம், எல்லோரும் பார்க்க, முன்னால். இல்லை என்றால் ஒருவரும் வர மாட்டோம். தபால்காரரும் நிற்பார், கட்டோடு. அந்தத் தரைக்கல்லை முதலில் சரி செய்.

அக்கா

———

மார்ச் 20

அக்கா,

செயலாளரிடம் போனேன். "பெரியவங்க மேடை ஏறக்கூடாதுன்னா கூடாது. படி செங்குத்தா இருக்கு, கைப்பிடி இல்ல. கமிட்டி முடிவு" என்றார். கத்தினேன். அவரும் கத்தினார். கலைப்பள்ளிக்காரர்களிடம் என்ன சொல்வாய் என்றார். போய்த் தொலையட்டும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மாடியறைக்கு வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், நான் ஏதோ சந்தோஷமாகச் செய்ததாக நீ நினைக்க வேண்டாம்.

மேடை ஏறக்கூடாது என்றுதானே சொன்னார்கள், தரையில் ஆடக்கூடாது என்று சொல்லவில்லை. நாற்காலி அத்தனையும் மேடை மேல் போடப் போகிறேன். பார்க்க வருகிறவர்கள் மேடையில் உட்காரட்டும், மீதிப் பேர் சுவரோரம் நிற்கட்டும். நீங்களும் குழந்தைகளும் ஜோடியாகக் கீழே, கூடத்துத் தரையில், நாம் எப்போதும் ஆடுகிற இடத்தில். செயலாளருக்கு மேடையில் முதல் வரிசை நாற்காலி ஒதுக்கப்படும்.

உனக்கு மேடை கிடைக்கவில்லை. தெரியும். என்னால் முடிந்தது இதுதான். பிடிக்கவில்லை என்றால் வராதே.

கொத்தனார் சனிக்கிழமை வந்து கல்லைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். கதவில் இருந்த தாளைக் கிழித்துவிட்டேன். உன் வாசற்படிச் சபதத்துக்காக.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நீயும் கேட்க வேண்டாம். ஒன்று மட்டும். பாடும்போது கண்ணைத் திறந்து வை. முழுப் பாட்டுக்கும். அப்படி முடியாது என்றால் இரண்டு தெருவுக்கு அந்தப் பக்கமே இருந்துகொள்.

தம்பி

———

மார்ச் 23

கடவுள் துணை

தம்பிக்கு,

நேற்று நான் வந்தேன், ஆடினேன், உன்னிடம் பேசாமல் திரும்பிவிட்டேன். நீயும் பேசவில்லை. அதனால் இன்னும் ஒரு கடிதம் பாக்கி இருக்கிறது. தபால்காரருக்கும் வேலை வேண்டும்.

கண்ணைத் திறந்துதான் பாடினேன். எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. இத்தனை வருடம் கண்ணை மூடியே பாடினவளுக்கு அது உடை மாற்றும்போது கதவு திறந்ததைப்போல இருந்தது. எல்லாம் தெரிந்தது. செயலாளர் மேடை மேல் முதல் நாற்காலியில் உட்கார்ந்து கீழே குனிந்து எங்களைப் பார்ப்பது தெரிந்தது. உன் அத்தான் சுவரோரம் நின்று, நான் சுற்றும்போதெல்லாம் தானும் கழுத்தைச் சுற்றுவது தெரிந்தது. அந்த மனிதர், மாடியில் தொட்டி நகர்த்திக் கொடுத்ததோடு சரி, முப்பத்தேழு வருடத்தில் நான் ஆடிப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவுல இவ்வளவு நடந்துதா?" என்றார்.

'ஆறு' வரும்போது நான் சொல்ல மறந்துவிட்டேன். கண் திறந்திருந்ததால் புத்தி எங்கோ போய்விட்டது. பொடிசு காத்திருந்து பார்த்துவிட்டு, "ஜோடி, ஆறு" என்று அவளே முணுமுணுத்தாள். அவளுக்கு வரிசை தெரிந்திருக்கிறது. பாதி ஆள் என்று எழுதினாயே, உன் கண்ணும் மூடித்தான் இருந்திருக்கிறது.

கலைப்பள்ளியிலிருந்து வந்த இரண்டு பேரையும் பார்த்தேன். ஒரு அம்மா உன்னிடம் குனிந்து, "இதுல ஸ்டூடன்ட்ஸ் யாரு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. 'கடல்' வருவதற்குள் எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் திரும்பி வர மாட்டார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது உனக்கு நஷ்டம்தான். இல்லை என்று நான் பசப்ப மாட்டேன். செலவில் எழுதிக்கொள். வரவில் என்ன என்று நீயே பார்த்தாய், நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குக் கோபம் தீரவில்லை. நான் கேட்டது மேடை, கிடைத்தது தரை. தரை போதும் என்று அக்கா சமாதானமாகிவிட்டாள் என்று நினைக்காதே. அந்தப் படிக்குக் கைப்பிடி வைக்கச் சொல்லிச் செயலாளர் வீட்டுக்கு நானே போகப் போகிறேன், தினமும், அவர் காபி குடிக்கிற நேரத்துக்கு. அடுத்த வருடம் மேடையில்தான் ஆடுவேன்.

இன்னொன்று. பாட்டு ஆரம்பித்ததிலிருந்து முடிகிற வரை நீ தூணுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் நின்றாய். தாளம் போடக்கூட நகரவில்லை. தபால்காரர் சுற்றி வரும்போது கையை நீட்டினாயே தவிர, காலை எடுக்கவில்லை. எங்கள் ஆட்டத்தில் சேர இவனுக்கு மனசு இல்லை, மரம் மாதிரி நிற்கிறான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு வந்தும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை தபால்காரர் சொன்னார். சனிக்கிழமை கொத்தனார் வரவில்லையாம். ஞாயிறு காலையில் நீயே அந்தக் கல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டு, சிமென்ட் குழைத்துப் பூசினாயாம். அது காயவில்லையாம். யாரும் அதில் கால் வைத்து வழுக்கிவிடக்கூடாது என்று நீயே மேலே ஏறி நின்றுகொண்டாயாம். ஒரு நாற்காலியைப் போட்டு மறைத்திருக்கலாமே என்றேன். "நாற்காலி எல்லாம்தான் மேடை மேல இருந்துதே" என்றார்.

அவரோடு போய்க் கூடத்தில் பார்த்துவிட்டு வந்தேன். நீ மாடியறையில் இருந்தாய், கூப்பிடவில்லை. தூணுக்குப் பக்கத்தில் உன் இரண்டு காலும் குதிகாலோடு, விரலோடு, ஆழமாகப் பதிந்து இறுகிக் கிடக்கிறது. முன்னே தூக்கிக்கொண்டு நின்ற கல்லாவது கண்ணுக்குத் தெரியும். இந்தப் பள்ளம் தெரியவே தெரியாது. பொடிசின் கால் அதற்குள் முழுதாக இறங்கிவிடும்.

நாளை வகுப்பு இருக்கிறது. நாங்கள் எல்லோரும் வருகிறோம். அதற்குள் அதை நிரப்பி வை.

அக்கா